அப்பாவின் பட்டறையும் அனிலினும்: வாசகர் கேள்விகள்

போன மாதம் சேலை சாயம் போவதைப் பற்றி எழுதியபோது ‘அனிலின்’ (பல சாயங்களுக்கு மூலமான, எண்ணெய் போன்ற ஒரு ரசாயனம்) என்ற வார்த்தையைப் போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதை மட்டும் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வந்திருக்கின்றன. சந்தோஷமாக இருக்கிறது. நான் 31 வருடம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தியவன். அதற்கு முன்னால், சேலம் அம்மாபேட்டையில் ஒரு சாயப்பட்டறையில் நூலுக்குச் சாயம் ஏற்றியவரின் மகன். அனிலினைப் புத்தகத்திலும் பார்த்திருக்கிறேன், பட்டறையிலும் பார்த்திருக்கிறேன். இந்த மாதப் பக்கம் முழுக்க அதற்கே.

*கேள்வி: என் மகளின் பழைய பாடப்புத்தகத்தில் அனிலினை ‘நறுமணச் சேர்மம்’ என்று போட்டிருக்கிறது. அவளோ லேபில் பாட்டிலைத் திறந்தாலே கெட்டுப்போன மீன் வாடை என்கிறாள். இதில் நறுமணம் எங்கே வந்தது, ஐயா? (ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்)*

மகளிடம் முதலில் ஒன்று சொல்லுங்கள்: அந்தப் பாட்டிலை முகர்ந்து பார்க்க வேண்டாம். ஏன் என்பது கீழே வேறொருவருக்கு எழுதிய பதிலில் வருகிறது.

பெயருக்கு வருகிறேன். 19ஆம் நூற்றாண்டில் சாம்பிராணி, வாதுமை எண்ணெய் போன்ற மணமுள்ள பொருள்களிலிருந்து சில சேர்மங்களைப் பிரித்தெடுத்தார்கள். எல்லாம் ஒரே குடும்பச் சாயலில் இருந்தன. மணத்தை வைத்து அரோமேட்டிக் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பென்சீன் என்ற பெயரே சாம்பிராணிக்கான ‘பென்சாயின்’ என்ற சொல்லிலிருந்து வந்ததுதான். சாம்பிராணியில் கிடைத்த பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்து மிச்சர்லிக் என்ற ஜெர்மானியர் 1830களில் பென்சீனை எடுத்தார். 1865இல் கெக்குலே அது ஆறு கார்பன் கொண்ட வளையம் என்று சொன்ன பிறகு, மணம் பின்னால் போய் வளையம் முன்னால் வந்துவிட்டது. இப்போது அரோமேட்டிக் என்றால் அந்த வளையமும் அதைப் போன்றவையும்தான். மூக்குக்கு அதில் வேலை இல்லை.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஏற்காடு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளினால் கண்ணில் தெறிக்குமே, அந்த எண்ணெயில் பெரும்பகுதி லிமோனீன். மலையே மணக்கும், ஆனால் அதில் பென்சீன் வளையம் கிடையாது. வேதியியல் கணக்கில் அது அரோமேட்டிக் இல்லை. காபித் தோட்டத்து நிழல் மரத்தில் படர்ந்திருக்கும் மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினில் வளையம் உண்டு. அனிலினிலும் உண்டு: பென்சீன் வளையத்தில் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அமினோ தொகுதியை வைத்தால் அனிலின்.

*கேள்வி: நைட்ரோபென்சீனை டின் (வெள்ளீயம்), ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொண்டு ஒடுக்கினால் அனிலின் கிடைக்கும் என்று எங்கள் புத்தகத்தில் ஒரே வரி இருக்கிறது. தொழிற்சாலையிலும் இப்படித்தான் செய்கிறார்களா, சார்? (ஓமலூரிலிருந்து ப்ளஸ் டூ மாணவி)*

இல்லம்மா. இந்தக் கேள்வியை நீ கேட்டது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது. நிதானமாகச் சொல்கிறேன்.

தொடக்கம் பென்சீன். ஒரு காலத்தில் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்தார்கள், இப்போது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து. அதை அடர் நைட்ரிக் அமிலமும் அடர் சல்ஃபியூரிக் அமிலமும் கலந்த கலவையோடு சேர்த்தால் நைட்ரோபென்சீன். வெப்பம் 50, 60 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வினையே சூட்டைக் கக்கும்; குளிர வைக்கத் தவறினால் இரண்டாவது நைட்ரோ தொகுதியும் ஏறிக்கொள்ளும், அப்புறம் கட்டுக்குள் நிற்காது. நைட்ரோபென்சீனுக்குக் கசப்பு வாதுமை மணம். அந்த மணத்துக்காகவே ஒரு காலத்தில் சோப்பிலும் ஷூ பாலிஷிலும் கலந்தார்கள். அதுவும் விஷம் என்று பிறகுதான் புரிந்துகொண்டார்கள்.

இனி உன் வரிக்கு வருகிறேன். ஒடுக்குவது என்றால் இங்கே நைட்ரோ தொகுதியின் ஆக்சிஜனை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைப்பது. டின்னும் அமிலமும் வைத்து நான் செய்து காட்டியிருக்கிறேன். குடுவையைச் சூடாக்கி முடித்ததும் அனிலின் தனியாக நிற்காது. அமிலத்தோடு உப்பாகி, டின்னோடும் சேர்ந்து கிடக்கும். காஸ்டிக் சோடா ஊற்றினால்தான் விடுபடும். பிறகு நீராவியை உள்ளே விட்டு வடிக்க வேண்டும். 184 டிகிரியில் கொதிக்கிற பொருள், நீராவியின் துணையோடு 100 டிகிரிக்குக் கீழேயே ஏறி வந்துவிடும். கண்டென்சர் முனையில் சொட்டுவது அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கலாக இருக்கும். அனிலினின் அடர்த்தி 1.02, தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லாததால் மேலே மிதப்பதா கீழே போவதா என்று தெரியாமல் நடுவிலேயே தொங்கும். அப்போது பொடித்த சமையல் உப்பை அள்ளிப் போட்டுக் குலுக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கனமாகும், அனிலின் அதில் கரைவதும் குறையும். கலங்கல் தெளிந்து, எண்ணெய் மெதுவாகத் திரண்டு மேலே வந்து படலமாக நிற்கும். 31 வருடத்தில் அதை எத்தனையோ தடவை பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுந்து வந்து பார்ப்பார்கள்.

ஆனால் டின் விலை அதிகம். டன் கணக்கில் செய்கிறவனுக்குக் கட்டாது. 1854இல் பெஷாம் என்ற பிரெஞ்சுக்காரர் டின்னுக்குப் பதில் இரும்புத் துருவலைப் போட்டு, கொஞ்சமே கொஞ்சம் அமிலம் சேர்த்துச் செய்துகாட்டினார். அதுதான் தொழிலைத் திறந்துவிட்டது. எஃகைவிட வார்ப்பிரும்புத் துருவல் இதற்கு நன்றாக வேலை செய்யும். லேத் பட்டறையில் கழிவாகக் கூட்டி ஒதுக்குகிற பொருள்தான். கணக்கைப் பார்: நான்கு நைட்ரோபென்சீன் மூலக்கூறுகள், ஒன்பது இரும்பு அணுக்கள், நான்கு தண்ணீர் மூலக்கூறுகள். வருவது நான்கு அனிலின், மூன்று கருப்பு இரும்பு ஆக்சைடு. ஹைட்ரஜன் வருவது தண்ணீரிலிருந்து. அமிலம் வினையைத் தொடங்கி வைக்க மட்டும். பரீட்சையில் இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் ஒரு தடவை நீயே சமன் செய்து பார்.

பாக்கி இருக்கும் அந்தக் கருப்புச் சேற்றை என்ன செய்வது? பல வருடம் கழிவாகவே கிடந்தது. 1925 வாக்கில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் லாக்ஸ் என்பவர், வினையின்போது சேர்க்கும் உப்புகளை மாற்றினால் அந்த இரும்பு ஆக்சைடு மஞ்சளாகவோ கருப்பாகவோ நல்ல நிறமியாகவே வரும் என்று கண்டார். கருப்பை வறுத்தால் சிவப்பு. ஒரே கொப்பரையில் ஒரு பக்கம் அனிலின், ஒரு பக்கம் நிறமி. குகை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் கால் வைத்தால் சில்லென்று இருக்கும் ரெட் ஆக்சைடு தரை பார்த்திருப்பாய். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான். காவிக்கல்லை அரைத்தும் எடுப்பார்கள், அனிலின் ஆலையிலும் பிறக்கும்.

இன்று பெரிய ஆலைகளில் இரும்பும் இல்லை. நைட்ரோபென்சீனை ஆவியாக்கி, ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து, 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில் செம்பு அல்லது நிக்கல் போன்ற வினையூக்கியின் மேல் செலுத்துகிறார்கள். ஒரு மோல் நைட்ரோபென்சீனுக்கு 3 மோல் ஹைட்ரஜன். 123 கிராம் உள்ளே போனால் கணக்குப்படி 93 கிராம் அனிலினும் 36 கிராம் தண்ணீரும் வெளியே வரும். மோலுக்கு 500 கிலோஜூலுக்கு மேல் சூடு வரும். அதை வீணாக்காமல் நீராவி எடுத்துக்கொள்வார்கள். ஃபீனாலை அம்மோனியாவோடு வினைபுரிய வைத்தும் எடுப்பதுண்டு. நம் நாட்டில் மகாராஷ்டிராவின் ரசாயனியில் 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ் என்ற அரசு நிறுவனம் நைட்ரோபென்சீனும் அனிலினும் செய்தது. குஜராத்தின் பரூச்சிலும் ஆலை உண்டு.

*கேள்வி: எங்கள் பள்ளி லேபில் உள்ள அனிலின் கருஞ்சிவப்பாக இருக்கிறது. கெட்டுவிட்டதா? (ஆத்தூரிலிருந்து ஓர் ஆசிரியை)*

காற்றும் வெளிச்சமும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது. புதிதாக வடித்தது நிறமில்லாமல் இருக்கும். நாள்பட மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு நீங்கள் சொல்லும் நிறம். சாயச் சோதனைக்கு அதுவே போதும். சுத்தமாக வேண்டும் என்றால் துளி துத்தநாகத் தூள் போட்டு மறுபடி வடிக்கலாம். இனிமேல் பழுப்பு நிறப் பாட்டிலில், மூடி இறுக்கி, அலமாரிக்குள் வையுங்கள்.

*கேள்வி: அனிலின் என்ற பெயருக்கும் அணிலுக்கும் சம்பந்தம் உண்டா என்று என் பேரன் கேட்கிறான். (வாழப்பாடியிலிருந்து ஒரு பாட்டி)*

அம்மா, பேரனிடம் சொல்லுங்கள்: அணிலோடு உறவு இல்லை, ஆனால் நீலத்தோடு உண்டு. நாம் சொல்கிற அதே நீலம்தான். பாரசீகத்தில் ‘நீல்’ ஆகி, அரபு மொழியில் ‘அன்-நீல்’ ஆகி, போர்ச்சுகீசியர் வாயில் ‘அனில்’ ஆனது. அவர்கள் அனில் என்றது அவுரிச் சாயத்தை. உங்கள் வயதில் அவுரி தெரியாமல் இருக்காது. நரைக்குப் பொடி வாங்கியிருப்பீர்கள். திண்டிவனம் பக்கம் இன்றும் சாயத்துக்காகப் பயிரிடுகிறார்கள்.

1826இல் உன்வெர்டோர்பன் என்பவர் அவுரி நீலத்தைச் சூடாக்கி வடித்தபோது ஒரு எண்ணெய் வந்தது. 1834இல் ரூங்கே நிலக்கரித் தாரில் ஒரு எண்ணெயைக் கண்டார். 1840இல் ஃப்ரிட்ஷே அவுரி நீலத்தைப் பொட்டாஷோடு காய்ச்சி ஒரு எண்ணெய் எடுத்து அதற்கு அனிலின் என்று பெயரிட்டார். 1842இல் ரஷ்யாவில் சீனின் நைட்ரோபென்சீனை ஒடுக்கி ஒரு எண்ணெய் செய்தார். நான்கு பேர், நான்கு பெயர்கள். 1843இல் ஹாஃப்மன் உட்கார்ந்து பரிசோதித்து நான்கும் ஒன்றே என்று நிரூபித்தார். நம் செடியின் பெயரே நிலைத்தது.

அந்த ஹாஃப்மனின் மாணவர்தான் பெர்கின். 1856 ஈஸ்டர் விடுமுறையில், வயது 18, வீட்டிலேயே சோதனைச்சாலை வைத்து மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்தார். கிடைத்தது கருஞ்சேறு. கழுவப் போனால் ஆல்கஹாலில் அழகான ஊதா. அவர் வைத்திருந்த அனிலினில் டொலுயிடின் என்ற அதன் உறவுப் பொருள் கலந்திருந்தது. சுத்தமான அனிலினாக இருந்திருந்தால் அந்த ஊதா வந்திருக்காது. செயற்கைச் சாயத் தொழில் அங்கேதான் பிறந்தது. பிறகு ஜெர்மானியர் முந்திக்கொண்டார்கள். 1865இல் தொடங்கிய பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் பெயரில் உள்ள ‘ஏ’ அனிலினைக் குறிப்பதுதான்.

இதற்கு மேல்தான் எனக்கு மனசு கனக்கிற பகுதி. அவுரியை வடித்து எடுத்த எண்ணெயிலிருந்து அவுரி நீலத்தையே திரும்பச் செய்ய முடியுமா என்று 30 வருடங்களுக்கு மேல் முயன்றார்கள். பேயர் என்ற வேதியியலாளர் 1880இல் ஒரு வழி கண்டார், ஆனால் கட்டுப்படியாகவில்லை. ஹாய்மன் 1890இல் அனிலினிலிருந்து வழி காட்டினார், விளைச்சல் போதவில்லை. 1897இல் நாப்தலீன் வழியாகச் செய்த நீலம் சந்தைக்கு வந்தது. 1901இல் சோடமைடு சேர்த்து உருக்கும் முறை வந்ததும் அனிலின் வழியே மலிவாகிவிட்டது. இன்று ஜீன்ஸ் துணியில் இருக்கும் நீலத்துக்குப் பெரும்பாலும் மூலம் அனிலின்தான். இந்த ஒரு எண்ணெய் நம் ஊர் அவுரி வயல்களையும், சாய ஊறல் தொட்டிகளையும் காலி செய்துவிட்டது. முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் நின்றபோது கொஞ்ச காலம் மறுபடி கிராக்கி வந்தது. 1917இல் காந்தி சம்பாரணுக்குப் போனது அவுரி விவசாயிகளின் கஷ்டத்துக்காகத்தான். அங்கே வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கட்டாயப்படுத்தி அவுரி போட வைத்தார்கள். அதனால் செடி போனதற்காக மட்டும் நான் வருத்தப்படுவதில்லை. அதை விரும்பி வளர்த்து, தொட்டியில் ஊறவைத்து, நுரையின் நிறம் பார்த்தே பக்குவம் சொன்னவர்களின் கைத்திறன் போய்விட்டதே என்றுதான் வருத்தம்.

*கேள்வி: எங்கள் தறியில் ஓடுகிற சிவப்பு நூலை நாப்தால் சாயம் என்கிறார்கள். அதுவும் அனிலின்தானா? உடுத்துகிறவர்களுக்குக் கெடுதல் இல்லையே? (இளம்பிள்ளையிலிருந்து ஒரு தறிக்காரர்)*

அண்ணா, உங்கள் கேள்வி என்னை நேராக அப்பாவின் பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டது. அங்கே ஓடியது நாப்தால்தான்.

விடிகாலையில் ஐஸ் வரும். மரத்தூள் ஒட்டிய கோணிச்சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில், வழியெல்லாம் சொட்டிக்கொண்டே. அதைச் சாக்கோடு கல்லில் அடித்து உடைப்பது என் வேலை. ஒரு தொட்டியில் நாப்தாலை டி.ஆர். எண்ணெயும் (டர்க்கி ரெட் ஆயில்) காஸ்டிக்கும் சேர்த்துக் கரைத்திருப்பார்கள். வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்கும். வெள்ளை நூல் சிட்டங்களைக் கழியில் மாட்டி அதில் புரட்டிப் புரட்டி நனைத்து, முறுக்கிப் பிழிவார்கள். அப்போதும் நூல் கிட்டத்தட்ட வெள்ளையாகத்தான் இருக்கும். பக்கத்துத் தொட்டியில் ‘பேஸ்’ கரைசல், சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் சேர்த்து, ஐஸ் மிதக்க மிதக்க. அப்பா கையை விட்டுப் பார்த்து, ‘இன்னும் போடு’ என்பார். குளிர் குறைந்தால் கரைசல் கெட்டுவிடும். அவரிடம் தெர்மாமீட்டர் இல்லை. பிழிந்த சிட்டத்தை அதில் இறக்குவார். இறங்கிய இடமெல்லாம் சிவப்பு, தண்ணீரைத் தொட்ட கோட்டிலிருந்து மேலே மேலே ஏறும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கழி முழுக்கச் சிவந்துவிடும்.

பிற்பாடு கல்லூரியில் டயசோ வினை என்று பேராசிரியர் போர்டில் எழுதியபோது, 0 முதல் 5 டிகிரி என்று ஏன் சொல்கிறார் என்று எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. என் விரல் நுனிக்குத் தெரியும்.

அந்தத் தொட்டிகளில் அனிலின் இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கிறது. முதல் தொட்டி நாப்தாலே ஒரு நாப்தாயிக் அமிலத்தை அனிலினோடு சேர்த்துச் செய்ததுதான்; 1912இல் ஜெர்மனியில் வந்தது. இரண்டாவது தொட்டியில் போடும் பேஸ்கள் அனிலினின் தம்பி தங்கைகள், வளையத்தில் ஒரு குளோரினோ நைட்ரோவோ கூடுதலாக வைத்தவை. இரண்டும் நூலுக்குள்ளேயே கைகோத்துக் கரையாத சாயமாகிவிடுவதால் தண்ணீரில் போகாது. ஆனால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் உதிரிச் சாயத்தைக் கொதிக்கிற சோப்புத் தண்ணீரில் போட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் அதைச் சரியாகச் செய்யாமல் விட்ட நூல்தான், வாடிக்கையாளர் வீட்டில் வெள்ளை வேட்டியைச் சிவப்பாக்குவது. சாயம் ‘போவது’ பெரும்பாலும் சாயத்தின் குற்றமில்லை, அந்த ஒரு கொதியின் குற்றம்.

கெடுதல் உண்டா என்று கேட்டீர்கள். உங்கள் நாப்தால் போல, டயசோ வினையில் பிறக்கும் சாயங்களுக்கு அசோ சாயம் என்று பெயர். எல்லா அசோ சாயமும் கெடுதல் இல்லை. சிலவகை மட்டும் உடம்பில் உடைந்து பென்சிடின் போன்ற அமீன்களைத் தரும். அவை சிறுநீர்ப்பையில் புற்றுநோயை உண்டாக்குபவை. சாய ஆலைத் தொழிலாளர்களிடம் இந்தக் கட்டிகளை 1895இலேயே ரேன் என்ற ஜெர்மன் அறுவைச் சிகிச்சை மருத்துவர் கவனித்து எழுதினார். அப்படிப்பட்ட சாயங்களை நம் அரசு 1990களில் தடை செய்துவிட்டது. நூல் வாங்கும்போது தடை செய்யப்பட்ட அமீன் இல்லாத சாயம்தானா என்று பில்லோடு கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. உடுத்துகிறவரைவிட, வெறுங்கையால் தொட்டியில் நிற்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். சாயத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கினால் கீழே பாசனம் செய்கிறவர்களுக்கும். சிறுவயதில் திருமணிமுத்தாறு ஒரு நாள் சிவப்பாகவும் ஒரு நாள் நீலமாகவும் ஓடியதைப் பார்த்து, இன்று எந்தப் பட்டறையில் என்ன கலர் என்று நாங்கள் பந்தயம் கட்டியிருக்கிறோம். அப்போது விளையாட்டு. இப்போது நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது.

*கேள்வி: கெமிக்கல் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். அனிலின் டிரம்மும் இருக்கிறது. எரிச்சல் எதுவும் இல்லை, தொட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். சரியா? (செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர்)*

தவறு, தம்பி. எரிச்சல் இல்லாததுதான் அதன் ஆபத்தே.

நான் ஏழாவது படித்தபோது நடந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர், நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன், ஒரு குடோனில் டிரம்மிலிருந்து கேனுக்கு அனிலின் மாற்றிக்கொண்டிருந்தார். கை தவறி ஒரு டம்ளர் அளவு தொடையில் கொட்டிவிட்டது. எண்ணெய்தானே என்று வேட்டியாலேயே துடைத்துவிட்டு, அதே வேட்டியோடு சைக்கிள் மிதித்துப் பட்டறைக்கு வந்தார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர், ‘தலை கனக்குது’ என்றார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். பெரியப்பாவின் உதடு நாவல்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. நகக்கண்ணும் அப்படியே. ஆஸ்பத்திரியில் எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை, காபி டிகாக்‌ஷன் மாதிரி இருந்தது என்று அப்பா பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டர் நரம்பில் ஒரு நீல மருந்து ஏற்றினார். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்துப் பெரியப்பா இன்னும் பயந்துவிட்டார். ஆனால் பிழைத்துக்கொண்டார். அந்தக் குடோனில் கையுறையும் கிடையாது, ஒரு சோப்புக் கட்டிகூடக் கிடையாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

என்ன நடந்தது என்று படித்த பிறகு புரிந்தது. அனிலின் தோல் வழியாகவே உள்ளே போகும், ஆவியாக மூச்சிலும் போகும். நம் ஈரல் அதைப் ஃபீனைல் ஹைட்ராக்சிலமின் என்ற பொருளாக மாற்றுகிறது. ஓமலூர்ப் பெண்ணுக்குச் சொன்னேனே, நைட்ரோபென்சீன் அனிலினாக மாறும் வழி; அந்த வழியில் கடைசிக்கு முந்தைய படி இதேதான். ஆலை ஏற்றிவந்த படியை உடம்பு ஒரு படி பின்னால் இறக்குகிறது. அந்தப் பொருள் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும். அப்புறம் அந்த இரும்பால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாது. கொப்பரையில் இரும்பு தன்னை இழந்து அனிலினைத் தந்தது. உடம்பில் அனிலின் வந்து நம் இரும்பைக் கெடுக்கிறது. டாக்டர் ஏற்றிய நீல மருந்து மெத்திலீன் ப்ளூ. 1876இல் செய்த ஒரு சாயம்; அதையும் அனிலின் வம்சத்தைச் சேர்ந்த டைமெத்தில் அனிலினிலிருந்துதான் எடுத்தார்கள்.

ஆகவே, கையுறை இல்லாமல் டிரம்மைத் தொடாதே. வாயால் ரப்பர் குழாயை உறிஞ்சவே கூடாது. மேலே பட்டால் முதலில் துணியைக் கழற்றிப் போடு, வெட்கம் பார்க்காதே, செருப்பும்கூட. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவு, நகக்கண், தலைமுடி எல்லாம். நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போ, என்ன பட்டது என்று பெயர் எழுதிய சீட்டோடு போ. உதடு நீலமாக சில மணி நேரம்கூட ஆகலாம். அன்றைக்குச் சாராயம் பக்கமே போகக்கூடாது, அது விஷத்தைக் கூட்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பும் அனிலினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் வைத்திருக்கிறது. முதலாளி கையுறை வாங்கித் தரவில்லை என்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டுபோய்க் காட்டு.

*கேள்வி: சாயம் தவிர அனிலினால் வேறு என்ன பயன்? (சூரமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்)*

உண்மையில் இன்று சாயத்துக்குப் போவது கொஞ்சம்தான். உலகத்தில் உற்பத்தியாகும் அனிலினில் பெரும்பகுதி எம்.டி.ஐ. என்ற பொருளாகி, பாலியூரித்தேன் நுரையாகிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் சுவருக்குள் குளிரைக் காக்கும் கெட்டி நுரை அதுதான்.

அடுத்தது ரப்பர். 1906இல் ஓன்ஸ்லேகர் என்ற அமெரிக்கர், கந்தகத்தோடு அனிலினைச் சேர்த்தால் ரப்பர் சீக்கிரம் வேகும் என்று கண்டார். அனிலினின் விஷத்துக்குப் பயந்து அதன் வழிவந்த வேறு பொருள்களுக்கு மாறினார்கள். டயர் வெடிப்பு விடாமல் காக்கும் பொருளும் இதே வம்சம். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பஸ் திரும்பும்போது தேயும் டயரில் அனிலினின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மருந்துக் கதையும் உண்டு. 1886இல் ஒரு நோயாளிக்கு நாப்தலீன் என்று நினைத்துத் தவறுதலாக வேறு பொடியைக் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கியது. பார்த்தால் அது அனிலினிலிருந்து செய்த அசிட்டனிலைடு. காய்ச்சலுக்குக் கேட்டது, ஆனால் சிலருக்கு உதடு நீலமானது. காரணம் உங்களுக்கு இப்போது தெரியும். 1948இல் பிராடியும் ஆக்சல்ராடும், உடம்பில் அது பாராசிட்டமாலாக மாறித்தான் காய்ச்சலைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். அப்புறம் நேராகப் பாராசிட்டமாலையே கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது.

*கேள்வி: ஒரு துளி அனிலின் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய சோதனை இருக்கிறதா? (அயோத்தியாப்பட்டினத்திலிருந்து பதினோராம் வகுப்பு மாணவன்)*

இருக்கிறது, ரூங்கே 1834இல் செய்த அதே சோதனை. வீட்டில் அல்ல, பள்ளி லேபில், உங்கள் ஆசிரியர் பக்கத்தில் நிற்க, கையுறை போட்டு, ஜன்னல் திறந்து. ஒரே ஒரு துளி அனிலினை அரை டம்ளர் தண்ணீரில் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். ஒரு சோதனைக் குழாயில் சலவைத்தூளை (ப்ளீச்சிங் பவுடர்) கரைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து, அந்த அனிலின் தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். நிறம் உடனே வரும், கொஞ்ச நேரத்தில் மங்கிப் பழுப்பாகிவிடும். அதனால் அதற்குப் பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு முதல் சொட்டிலிருந்தே பார். என்ன நிறம் என்று நான் சொல்லப் போவதில்லை. பார்த்துவிட்டு எனக்கு ஒரு கார்டு போடு.